பூநாரைக்கு ரோஸ் அடிச்ச கதை!

உங்க போன்ல கடைசியா எடுத்த படத்தை ஒரு நிமிஷம் திறந்து பாருங்க. எடுத்த கையோட அதை என்ன செஞ்சீங்க? கொஞ்சம் வெளிச்சம் ஏத்தி, கொஞ்சம் கலர் கூட்டி, கன்னத்துல இருந்த ஒத்தைப் பருவைத் தடவி அழிச்சு, அப்புறம்தானே நாலு பேருக்குக் காட்டினீங்க? வெட்கப்படாதீங்க பாஸ். நானும் உங்க கட்சிதான். சொல்லப்போனா, அந்தக் கட்சிக்கு வேதாரண்யம் கிளைச் செயலாளரா இருந்தவன். ஒரு கூட்டம் பூநாரைக்கு மொத்தமா ரோஸ் கலர் அடிச்சு, அதுக்குப் பரிசும் வாங்கி, கடைசியில சொந்த அப்பாகிட்டயே மாட்டிக்கிட்டவன்.

அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். நடுநடுவே கொஞ்சம் டெக்னிக்கல் சமாசாரம் வரும். பயப்படாதீங்க, செமஸ்டர்ல கேட்க மாட்டாங்க.

சிங்கப்பூர் மாமா கொடுத்த கேமரா

2007 பொங்கல். சிங்கப்பூரிலிருந்து மாமா வந்திருந்தார். எங்க பக்கத்தில் தெருவுக்கு ஒரு சிங்கப்பூர் மாமாவாவது இருப்பார். அம்மாவுக்குக் கோடாலித் தைலம், அப்பாவுக்கு டார்ச் லைட், எனக்கு ஒரு டிஜிட்டல் கேமரா. நாலு மெகாபிக்ஸல். கூடவே 128 எம்.பி. கார்டு. இன்றைக்கு உங்க போனில் ஒரு நிமிஷ வீடியோகூட அதில் அடங்குமோ என்னவோ. எனக்கோ, தலைகால் புரியவில்லை. காலேஜில் இரண்டாம் வருஷம். ஃபிலிம் ரோல் வாங்கக் காசில்லாமல் ஏங்கிய பையனுக்கு, எத்தனை படம் எடுத்தாலும் செலவே இல்லாத கேமரா கிடைத்தால் எப்படி இருக்கும்?

அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தார். எங்க ஊரிலிருந்து கோடியக்கரை போற ரோட்டில் அகஸ்தியம்பள்ளி வரும். 1930 ஏப்ரல் 30ஆம் தேதி ராஜாஜி உப்பு அள்ளிக் கைதான இடம். அங்கே நினைவுத் தூண் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் டூர் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். எங்களுக்கு அது டூரே இல்லை. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோற வழி.

முதல் நாள் காலையிலேயே கேமராவைத் தூக்கிக்கொண்டு அளத்துக்குப் போய்விட்டேன். பாத்தி பாத்தியாக வெள்ளை வெளேரென்று உப்பு. கண் கூசுகிற வெயில். அம்பது, அறுபது படம் எடுத்திருப்பேன். ஹாஸ்டலுக்கு வந்து ரூம்மேட்டின் அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால்... உப்பைக் காணோம்! சாம்பல் கொட்டி வைத்த மாதிரி இருந்தது. மழை நாளில் எடுத்தியான்னு ரூம்மேட் கேட்டான்.

கேமரா கெட்டுப்போச்சுன்னு நினைத்தேன். கேமரா ஒழுங்காகத்தான் இருந்தது. விஷயம் என்னன்னா, கேமராவுக்கு உப்பு தெரியாது, எருமை தெரியாது. எதிரே இருக்கிற காட்சி எல்லாம் சேர்ந்து சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும் என்று நம்பி அது வெளிச்சத்தை அளக்கிறது. படம் முழுக்க வெள்ளை இருந்தால், 'ஐயோ, வெளிச்சம் ஜாஸ்தி'ன்னு குறைத்துவிடும். உப்பு சாம்பலாகிவிடும். கரிய எருமையைப் படம் முழுக்க நிறைத்து எடுத்தால், 'வெளிச்சம் பத்தலை'ன்னு ஏற்றிவிடும். எருமையும் சாம்பலாகிவிடும். அதனால் வெள்ளையை எடுக்கும்போது நாமே ஒரு ஸ்டாப் அளவுக்கு வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கேமராவில் பிளஸ், மைனஸ் போட்ட ஒரு பட்டன் இருக்குமே, அது இதுக்குத்தான். இன்றைக்கு உங்க போனிலும், படம் எடுக்கும் முன்னால் திரையைத் தொட்டு விரலை மேலே இழுத்தால் அதே வேலை நடக்கும்.

இதெல்லாம் அப்போ எனக்குத் தெரியாது. அந்தப் படங்களை எல்லாம் ஒரு சி.டி.யில் எழுதி, மேலே மார்க்கர் பேனாவால் 'உப்பு – வேஸ்ட்' என்று கிறுக்கி, ஊருக்குப் போனபோது தகரப்பெட்டியில் போட்டுவிட்டேன். இந்த சி.டி.யை ஞாபகம் வெச்சுக்குங்க. கடைசியில் வரும்.

மேஜிக் பட்டன்

அந்தக் காலத்தில் பிகாசா என்று ஒரு மென்பொருள் இருந்தது. 2004ல் கூகுள் அதை வாங்கி இலவசமாகக் கொடுத்தது. 2016ல் மூடுவிழாவும் நடத்தியது. அதில் 'ஐ'ம் ஃபீலிங் லக்கி' என்று ஒரு பட்டன். ஒரே அமுக்கு. சோர்ந்து கிடந்த படம் குளித்து முடித்து பவுடர் போட்ட மாதிரி எழுந்து உட்காரும். நான் அதை அமுக்கிய அமுக்கில் ரூம்மேட்டின் மவுஸ் தேய்ந்தது.

பிறகு போட்டோஷாப். காப்பி எங்கிருந்து வந்ததுன்னு மட்டும் கேட்காதீங்க. ஹாஸ்டலில் கைமாறி வந்த திருட்டு சி.டி. அப்புறம்தான் கிம்ப் என்று ஒன்று காசில்லாமல், கள்ளத்தனமும் இல்லாமல் கிடைக்கிறது என்று தெரிந்து அதற்கு மாறினேன். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. போட்டோஷாப்பின் முதல் வடிவத்தை 1987ல் எழுத ஆரம்பித்த தாமஸ் நோல், அப்போது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். கிம்ப்பை 1995 வாக்கில் தொடங்கியவர்கள் கலிபோர்னியாவின் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த ரெண்டு மாணவர்கள், ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மேட்டிஸும். ஆக, ரெண்டுமே உங்க வயசுக்காரர்கள் ஆரம்பித்த வேலை. இனி 'காலேஜ் புராஜெக்ட்தானே' என்று யாராவது சொன்னால், இதைச் சொல்லுங்க.

மென்பொருளை நோண்ட நோண்ட ஒரு உண்மை புரிந்தது. கம்ப்யூட்டருக்கு என் படம் என்பது வெறும் எண்கள். சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூணு எண். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 0 என்றால் கும்மிருட்டு, 255 என்றால் பளிச். எந்த எண்ணில் எத்தனை புள்ளி இருக்கிறது என்பதை ஒரு மேடாக வரைந்து காட்டுவதுதான் ஹிஸ்டோகிராம். எனக்கு அதைப் பார்த்தால் அளத்தில் குவித்து வைத்த உப்பு அம்பாரம் மாதிரியே இருக்கும். அம்பாரம் முழுக்க இடது பக்கம் சரிந்திருந்தால் படம் இருட்டு. வலது சுவரில் முட்டிக்கொண்டு நின்றால் வெள்ளை வெடித்துப் போச்சு என்று அர்த்தம். இருட்டாக இருப்பதை ஓரளவு மீட்கலாம். வெடித்துப்போன வெள்ளையில் உப்புக் கல்லின் முனைகள் எதுவும் பதிவாகியிருக்காது. இல்லாததை எந்தப் பட்டனும் கொண்டுவராது.

ரோஸ் நாரை

அந்த நேரத்தில் இணையத்தில் தினம் ஒரு படம் போடுகிற பழக்கம் எங்களைப் போன்றவர்களுக்குத் தொற்றிக்கொண்டது. ஃபிளிக்கர் வந்து மூணு வருஷம் ஆகியிருந்தது. உலகம் முழுக்க எவனெவனோ எடுத்த படங்கள். எல்லாம் ஜொலிக்கும். தினம் ஒரு படம் என்றால் தினம் ஒரு அதிசயம் நடக்கணுமே! வேதாரண்யத்தில் தினமும் அதிசயத்துக்கு எங்கே போறது? அதிசயம் நடக்காத நாளில் கலரைக் கூட்டினேன். வானத்தை மேலும் நீலமாக்கினேன். வயலை மேலும் பச்சையாக்கினேன். எங்க ஊர் வயலே ஏற்கெனவே பச்சைதான், அதற்கு மேல் ஏற்றினால் பிளாஸ்டிக் வாளி மாதிரி ஆகிவிடும். அதுவும் அப்போ அழகாகத்தான் தெரிந்தது.

2008 ஜனவரியில் கோடியக்கரைக்குப் போனேன். 1967ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். 2002ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. வெளிமான், காட்டுக்குதிரை, குளிர்காலம் வந்தால் கூட்டம் கூட்டமாகப் பறவைகள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பூநாரை. கிடைத்தது. தூரத்தில், இளம் வெயிலில், சதுப்பில் நூறு நூற்றைம்பது நின்றன. நாலு மெகாபிக்ஸலில் அவை தீக்குச்சி உசரத்துக்குத் தெரிந்தன. அதுகூடப் பரவாயில்லை. கலர்தான் ஏமாற்றம். புத்தகத்தில் பார்த்த ரோஸ் எங்கே? இவை வெள்ளை வேட்டியைச் சிவப்புத் துணியோடு சேர்த்துத் துவைத்த மாதிரி, தெரிந்தும் தெரியாத ஒரு இளஞ்சிவப்பு.

விடுவேனா? ஒவ்வொரு பறவையாகத் தேர்வு செய்து ரோஸ் ஏற்றினேன். ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தவன் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தேன். ஓரத்தில் நின்ற நாலைந்து பறவைகள் அழுக்குச் சாம்பலாக இருந்தன. அவற்றையும் விடவில்லை. எல்லாவற்றுக்கும் சமமாக ரோஸ். சமத்துவபுரம்!

காலேஜ் கல்ச்சுரல்ஸ் போட்டோ போட்டியில் அதற்கு இரண்டாம் பரிசு. ஒரு ஷீல்டு, ஒரு சர்டிஃபிகேட். படத்தைப் பெரிசாகப் பிரின்ட் போட்டு, சுருட்டி எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா முன்னால் விரித்தேன்.

அப்பா ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்னடா தம்பி, எல்லாம் எதுவும் கல்யாணத்துக்குப் போயிட்டு வருதா?"

எனக்குப் புரியவில்லை.

"இல்ல, மூஞ்சி முதுகெல்லாம் சந்தனம் குங்குமம் பூசுன மாதிரி இருக்கே. இத்தன வருசமா அளத்துல நின்னு பாக்குறேன். நம்ம பக்கம் வர்ற நாரை இவ்ளோ செவப்பா நான் பாத்ததில்ல."

"கொஞ்சம் கலர் ஏத்திருக்கேன்ப்பா. எல்லாரும் அப்படித்தான்..."

அப்பா கையைக் கழுவிவிட்டு வந்தார். ஈர விரல் படாமல், கொஞ்சம் தள்ளியே நீட்டி ஓரத்தைக் காட்டினார். "இதுல குஞ்சு எங்க? ஓரத்துல நாலஞ்சு நிக்குமே, சாம்பலா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"குஞ்சும் செவப்பு, தாயும் செவப்புன்னா, இந்த வருசம் குஞ்சு பொரிச்சு வந்துச்சா இல்லியான்னு எப்புடிடா தெரியும்?" அவ்வளவுதான் கேட்டார். திட்டவில்லை. ஷீல்டை எடுத்து டிவி மேல் வைத்தார்.

பூநாரைக்கு ரோஸ் பிறவியில் வருவதில்லை. அது தின்கிற பாசியிலும் சின்ன இறால்களிலும் உள்ள கரோட்டினாய்டு என்ற நிறமிதான் இறகில் ஏறுகிறது. கேரட்டுக்கு நிறம் தருகிற அதே குடும்பம். குஞ்சு சாம்பல் நிறத்தில்தான் வளரும். தின்று தின்று, வெளுத்துச் சிவக்கச் சில வருஷம் ஆகும். அதாவது, ஒரு கூட்டத்தில் யார் பெரியவர், யார் போன சீசனில் பிறந்தவர் என்பதை அந்த நிறம்தான் சொல்கிறது. பறவைகளைக் கணக்கெடுப்பவர்கள் பார்ப்பதும் அதைத்தான். ஆறு மணி நேரம் கண்விழித்து நான் அழித்தது அந்தத் தகவலைத்தான். அப்பா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். அஞ்சு நொடியில் கண்டுபிடித்துவிட்டார். நடுவர்கள் மூணு பேருக்கும் தெரியவில்லை.

நான் மட்டும்தானா?

மனசைத் தேற்றிக்கொள்ள, என்னைவிடப் பெரிய ஆட்கள் செய்த வேலைகளைத் தேடினேன். கிடைத்தன. 1982 பிப்ரவரியில் 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' இதழ், அகலமான படத்தை உயரமான அட்டைக்குள் அடக்குவதற்காக எகிப்து பிரமிடுகளையே கம்ப்யூட்டரில் நகர்த்தி வைத்தது. போட்டோஷாப் பிறப்பதற்கு முன்னாலேயே! 2006 ஆகஸ்டில், பெய்ரூட் குண்டுவீச்சுப் படம் ஒன்றில் புகையைக் குளோன் செய்து கூட்டியிருந்தது தெரியவந்ததும், ராய்ட்டர்ஸ் அந்தப் போட்டோகிராபரின் 920 படங்களையும் விற்பனையிலிருந்து நீக்கியது. கவனிங்க, கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது ஒன்றிரண்டு படத்தில். போனது எல்லாமும்.

நம்ம பக்கத்து ஆள் ஒருத்தரும் கண்ணில் பட்டார். மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912ல் பிறந்து 1996ல் மறைந்த இயற்கையியலாளர். யானையையும் மானையும் கடைசிவரை கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். கலர் என்கிற ஆயுதமே கையில் இல்லை. ஆனாலும் அந்த யானையின் தோல் சுருக்கத்தைத் தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கும். அதையெல்லாம் பார்த்துவிட்டு நான் திருந்தியிருக்கணும். திருந்தவில்லை. பறவைக்குத்தானே கலர் அடிக்கக் கூடாது, மனுஷனுக்கு அடிக்கலாமே என்று நினைத்தேன்.

அப்பாவின் சுருக்கம்

அதே வருஷம், காலேஜ் லீவில், அப்பாவை உட்கார வைத்து ஒரு படம் எடுத்தேன். அவருக்குக் கேமரா என்றால் கூச்சம். 'போடா வேலையப் பாத்துக்கிட்டு' என்று எழுந்து போய்விடுவார். அன்றைக்கு என்னவோ உட்கார்ந்தார். சாயங்கால வெளிச்சம். வாசல் திண்ணை. உப்பு வெள்ளையில் காலமெல்லாம் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, இரண்டு கண்ணோரத்திலும் விசிறி மாதிரி சுருக்கம். உதட்டில் வெடிப்பு. நல்ல படம்.

எனக்கு அது போதவில்லை. ஹீலிங் பிரஷ் என்று ஒரு கருவி உண்டு. ஒரு இடத்துத் தோலை எடுத்து இன்னொரு இடத்தில் பூசி, சுற்றியிருக்கிற நிறத்தோடு அதுவே கலந்துவிடும். விசிறியை மடக்கினேன். வெடிப்பை மூடினேன். பத்து வயசு குறைத்தேன். மாமாவுக்கு ஈமெயிலில் அனுப்பணும், பிரவுசிங் சென்டரில் நெட் நத்தை வேகம் என்பதால், 640க்கு 480 என்று சுருக்கினேன். கன்ட்ரோல் எஸ். அவ்வளவுதான். அசல் மேலேயே சேமித்துவிட்டேன். கார்டில் இடமில்லை என்று அதிலிருந்தும் ஏற்கெனவே அழித்திருந்தேன். மென்பொருள் மேல் தப்பில்லை. 'வேறு பெயரில் சேமி' என்ற வரி அதற்கு நேர் கீழேயே இருந்தது.

கணக்கு போட்டால் கோரம் புரியும். அந்தக் கேமராவின் படத்தில் சுமார் 38 லட்சம் புள்ளிகள். நான் மிச்சம் வைத்தது 3 லட்சம். அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை.

2011ல் அப்பா இறந்தார். திடீரென்று. மாலை போடப் படம் வேணும் என்றார்கள். வாக்காளர் அட்டையில் இருந்த முகம் யாருடைய முகமாகவும் இருக்கலாம். என்னிடம் இருந்ததைப் பென்டிரைவில் கொண்டுபோய் ஸ்டுடியோவில் கொடுத்தேன். அவர் திறந்து பார்த்துவிட்டு, "பெரிய ஃபைல் இல்லியா தம்பி?" என்றார். நல்ல பிரின்டுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வேணும். 640ஐ 300ஆல் வகுத்துப் பாருங்க. ரெண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். என் அப்பாவைத் தீப்பெட்டி அளவுக்குத்தான் நான் சேமித்து வைத்திருந்தேன்.

இழுத்துப் பெரிசாக்கிக் கொடுத்தார். சட்டம் போட்டு மாட்டினோம். பதினாறாம் நாள் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, அம்மா அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"உங்கப்பா மாதிரிதான் இருக்கு" என்றாள்.

'மாதிரி.' அந்த ஒரு வார்த்தை போதும். கேமராவை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இணையத்தில் படம் போடுவதும் அன்றோடு நின்றது.

கஜா

2018 நவம்பர் 16 அதிகாலை. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியது. நான் அப்போ தஞ்சாவூரில் வேலையில் இருந்தேன். ஊர் வந்து சேர்ந்தபோது தென்னை, மா எல்லாம் தலைகீழ். அளங்களில் கடல் சேறு. எங்க வீட்டு ஓட்டுக் கூரை பாதி இல்லை. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது.

கூரை போனதை ஜனங்கள் தாங்கிக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து, ஈரமான ஆல்பங்களைத் திறந்தபோதுதான் பல வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. கல்யாணப் படம், செத்துப்போன பிள்ளையின் படம், காது குத்து... எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. 'நீதான் போட்டோ கம்ப்யூட்டர்லாம் பாப்பியே தம்பி' என்று முதலில் ஒருத்தர் வந்தார். அப்புறம் தெருவே வந்தது.

ஏழு வருஷம் கழித்துக் கேமராவை எடுத்தேன். ஒட்டிய பழைய ஸ்டுடியோ பிரின்டுகளைப் பிய்க்காமல், சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தால் மெல்லப் பிரியும். முகம் மேலே பார்க்க நிழலில் காயவைக்கணும். கண்ணாடியோடு ஒட்டியதைப் பிரிக்கவே கூடாது, கண்ணாடியோடு சேர்த்தே படமெடுத்துவிடணும். ஒவ்வொன்றையும் நிழல் வெளிச்சத்தில் நேராக வைத்து எடுத்தேன். தஞ்சாவூர் ரூமில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தேன். கலர் படத்தில் இருக்கிற சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. அதனால்தான் பழைய படம் ஒரே செம்பழுப்பாகத் தெரிகிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூணையும் தனித்தனியாகச் சரிசெய்தால், முப்பது வருஷத்துக்கு முந்தைய பட்டுப்புடவை மறுபடி பச்சையாகும். அந்த நொடி இருக்கே... பரிசு வாங்கின அன்றைக்குக்கூட எனக்கு அப்படி இல்லை.

அதே ஹீலிங் பிரஷ்தான். ஆனால் இந்தத் தடவை ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன்: தண்ணி செய்ததை மட்டும் அழிப்பேன், வாழ்க்கை செய்ததைத் தொட மாட்டேன். சேற்றுக் கறை போகும். கன்னத்து அம்மைத் தழும்பு அப்படியே இருக்கும்.

சட்டத்துக்கு ஒரு சோதனையும் வந்தது. அடுத்த தெரு பாட்டி ரெண்டு படத்தோடு வந்தார். ஒன்றில் அவர் தனியாக. இன்னொன்றில் செத்துப்போன தாத்தா. "ரெண்டு பேரும் சேந்து படமே புடிக்கலப்பா. என் பக்கத்துல அவங்களையும் நிக்க வச்சுக் குடு."

யோசித்தேன். இதுவும் பொய்தானே? நடக்காததுதானே? ஆனால் இதைப் பார்க்கப்போற அத்தனை பேருக்கும் இது சேர்த்த படம் என்று தெரியும். பாட்டிக்கே தெரியும். ஏமாறுகிறவர் யாரும் இல்லை. என் நாரைப் படம் அப்படி இல்லை. அதைப் பார்த்தவர்கள் கோடியக்கரையில் நடந்ததைப் பார்க்கிறோம் என்று நம்பினார்கள். எடிட் செய்யலாமா கூடாதா என்று வருஷக்கணக்கில் குழம்பியவனுக்குப் பாட்டி பாடம் எடுத்துவிட்டார். பார்க்கிறவரிடம் சொல்லக்கூடிய எடிட்டா, மறைக்கவேண்டிய எடிட்டா? இதுதான் கேள்வி. தாத்தாவைப் பாட்டி பக்கத்தில் நிற்க வைத்தேன். நிழல் மட்டும் ஒரே பக்கம் விழற மாதிரி பார்த்துக்கொண்டேன்.

நீங்க என்னைவிடக் கஷ்டமான காலத்தில் இருக்கீங்க. நான் ஆறு மணி நேரம் உட்கார்ந்து செய்த தில்லுமுல்லை இன்றைய மென்பொருள் ஆறு நொடியில் செய்கிறது. 2023ல் போட்டோஷாப்பிலேயே, ஒரு வரி எழுதினால் இல்லாததை வரைந்து சேர்க்கும் வசதி வந்துவிட்டது. பல போன்களில் நீங்க பட்டனை அமுக்குவதற்கு முன்பே முகத்தைப் பூசிவிடுகிற 'பியூட்டி மோட்' இருக்கிறது. அதை ஒருமுறை அணைத்துவிட்டு உங்க வீட்டு ஆட்களை எடுத்துப் பாருங்க.

அப்புறம், அசலைத் தொடாதீங்க. எடிட் செய்ததை வேறு பெயரில் சேமியுங்க. லைட்ரூம், டார்க்டேபிள் மாதிரி மென்பொருள்கள் அசலை அப்படியே விட்டுவிட்டு, நீங்க செய்த மாற்றங்களை மட்டும் சமையல் குறிப்பு மாதிரி எழுதி வைத்துக்கொள்கின்றன. அரிசி மூட்டை பத்திரமாக இருக்கும். எப்போ வேணும்னாலும் புதுசாகச் சமைக்கலாம். போனில் ரா வசதி இருந்தால் முக்கியமான படத்தை அதில் எடுங்க. ஜேபெக்கில் 256 படி இருக்கிற இடத்தில், 12 பிட் ராவில் 4096 படி. உப்பின் வெள்ளைக்குள் இருக்கிற வெள்ளைகள் அதில்தான் நிற்கும். படத்தை ஒரே இடத்தில் வைக்காதீங்க. ஒரு காப்பி வேறு வீட்டில், வேறு ஊரில் இருக்கட்டும். புயல் ரெண்டு ஊரில் ஒரே நேரத்தில் கூரையைப் பிடுங்காது என்று ஒரு நம்பிக்கை.

'உப்பு – வேஸ்ட்'

அந்த சி.டி.யை ஞாபகம் இருக்கா?

கூரை வேலை நடந்தபோது, பரணிலிருந்த தகரப்பெட்டியை இறக்கினோம். உள்ளே தண்ணி போகவில்லை. ஸ்கூல் சர்டிஃபிகேட்டுகளுக்கு அடியில் அது இருந்தது. லேப்டாப்பில் போட்டேன். ரெண்டு தடவை திணறிவிட்டு மூணாவது தடவை படித்தது. அறுபது சாம்பல் படங்கள். ஒன்றுகூட எடிட் செய்யாதது. அழகில்லை என்று நான் விட்டுவைத்ததாலேயே பிழைத்தவை.

நாற்பத்தி ஏழாவது படம். வெறும் பாத்தியும் உப்புமாக இருந்ததன் வலது ஓரத்தில், உப்பு வாரும் பலகையைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். எடுத்தபோது நான் அவரைக் கவனிக்கவே இல்லை. உப்பை எடுத்துக்கொண்டிருந்தேன்.

வேறு பெயரில் ஒரு காப்பி எடுத்தேன். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் கூட்டினேன். உப்பு வெள்ளையானது. அவர் தெரிந்தார். வேறு எதையும் தொடவில்லை. 38 லட்சம் புள்ளியில் அவர் இருக்கிற இடம் சின்னதுதான். முகம் அவ்வளவு தெளிவில்லை. கொஞ்சம் பொரிப்பொரியாக இருக்கும். முழுப் படத்தையும் வெட்டாமல் பிரின்ட் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன்.

அம்மா ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "இந்தா நிக்கிறாரு பாரு, இடுப்புல கைய வச்சுக்கிட்டு. சோறு வர லேட்டாச்சுன்னா இப்புடித்தான் ரோட்டையே பாத்துக்கிட்டு நிப்பாரு."

'மாதிரி' என்று சொல்லவில்லை.

இப்போ வீட்டில் ரெண்டு படமும் இருக்கிறது. வழவழப்பு முகம் மாலையோடு சுவரில். சாம்பலிலிருந்து எழுப்பிய உப்பளம், அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போவீங்கல்ல? அப்பாவையோ அம்மாவையோ வேலை செய்கிற இடத்தில், வேலை செய்கிற கோலத்திலேயே ஒரு படம் எடுங்க. ஒன்றும் செய்யாமல் அப்படியே எங்கேயாவது பத்திரமாகப் போட்டு வையுங்க. அப்புறம் காப்பி எடுத்து, அதில் எவ்வளவு வேணும்னாலும் ரோஸ் அடிங்க.

நாரை கோவிச்சுக்காது.